வாக்காளர் அட்டை கையில் இல்லாதபோது எதை எடுத்துச் செல்வது?

2024 ஏப்ரல் 19 அன்று மக்களவைத் தேர்தலில் வாக்களிக்க நான் வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் இருந்த எழுபது வயது மதிக்கத்தக்க அம்மாள் ஒருவர் தம் சுருக்குப்பையிலிருந்து ஸ்மார்ட் ரேஷன் அட்டையை எடுத்து அலுவலரிடம் நீட்டினார். பூத் சிலிப்பும் வைத்திருந்தார். பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. ஆனால் ரேஷன் அட்டையை ஏற்க வழியில்லை என்று அலுவலர் பணிவாகவே சொல்லிவிட்டார். "ரேஷனே இதைக் காட்டித்தானே தம்பி வாங்குறேன்" என்று முனகிக்கொண்டே வெளியேறிய அவர், நான் வாக்களித்துவிட்டுப் பள்ளி வாசலில் நின்றுகொண்டிருந்தபோது வங்கி பாஸ்புக்கைக் கையில் பிடித்தபடி திரும்பி வந்தார். அவர் வீடு அடுத்த தெருவில் இருந்தது. இரண்டு பேருந்து மாறி வந்தவராக இருந்திருந்தால் அந்த வெயிலில் திரும்பியிருப்பாரா என்பது சந்தேகமே.

வாக்காளர் அட்டை தொலைந்தவர்களும், வீடு மாறும்போது எங்கோ மூட்டைக்குள் போய்விட்டவர்களும், புதிதாகப் பெயர் சேர்த்து இன்னும் அட்டை வந்து சேராதவர்களும் ஒவ்வொரு தேர்தலிலும் ஏராளமாக இருக்கிறார்கள். அவர்கள் முன் பல வழிகள் இருக்கின்றன. அந்த வழிகள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. எது யாருக்குப் பொருந்தும் என்பதை ஒப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

ஒப்பிடுவதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். அட்டை இருந்தால் வாக்களிக்கலாம், இல்லாவிட்டால் முடியாது என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 62ஆவது பிரிவில், ஒரு தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவருக்கு அங்கே வாக்களிக்கும் உரிமை உண்டு என்றும், பெயர் இல்லாதவருக்கு அந்த உரிமை இல்லை என்றும் கூறுகிறது. அட்டை மிகவும் பின்னால் வந்தது, டி.என். சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த காலத்தில், ஆள்மாறாட்டத்தைத் தடுப்பதற்காக 1993இல் தொடங்கப்பட்ட ஏற்பாடு அது. ஆகவே வாக்குரிமையைத் தருவது பட்டியல். பட்டியலில் உள்ள அந்த நபர் இவர்தான் என்று காட்டுவது அட்டை. முன்னதற்கு மாற்று கிடையாது. பின்னதற்கு உண்டு.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. தமிழ்நாட்டில் 2025 நவம்பர் 4 அன்று தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு, டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் அதிகமான பெயர்கள் இடம்பெறவில்லை. இறந்தவர்கள், இடம் பெயர்ந்தவர்கள், இரண்டு இடங்களில் பதிவானவர்கள் ஆகியோரே அவர்களில் பெரும்பகுதி என்றாலும், உரிமை கோரி மீண்டும் விண்ணப்பிக்க வேண்டியிருந்தவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள். அப்படி நீக்கப்பட்ட ஒருவரிடம் பளபளப்பான வாக்காளர் அட்டை இருந்தாலும் அதனால் பயன் ஏதுமில்லை. அட்டையே இல்லாமல் பட்டியலில் பெயர் மட்டும் உள்ள அவருடைய அண்டை வீட்டுக்காரர் தாராளமாக வாக்களிக்கலாம். எனவே அட்டையைத் தேடி அலமாரியைக் கலைப்பதற்கு முன் தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் இணையதளத்திலோ, 1950 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலோ, தங்கள் பகுதியின் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமோ பெயர் இருக்கிறதா என்று பார்த்து, பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் குறித்துக்கொள்வதே முதல் வேலையாக இருக்க வேண்டும். பெயர் இல்லையென்றால் புதிதாகச் சேர்ப்பதற்கான படிவம் 6ஐக் கொடுக்க வேண்டும். வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு அந்தத் தேர்தலுக்கான பட்டியலில் எந்தப் பெயரையும் சேர்க்க முடியாது என்பதாலும், விண்ணப்பத்தை விசாரித்து முடிக்கச் சில நாட்கள் பிடிக்கும் என்பதாலும், தேர்தல் அறிவிப்பு வந்த கையோடு இதைப் பார்த்துவிடுவது நல்லது.

பெயர் இருக்கிறது, அட்டைதான் இல்லை என்ற நிலையில் இருப்பவருக்கு முதலில் தோன்றுவது புதிய அட்டைக்கு விண்ணப்பிப்பது. படிவம் 8இல் திருத்தம், முகவரி மாற்றம் ஆகியவற்றோடு மாற்று அட்டை கோரும் வசதியும் இருக்கிறது. பட்டியலில் பதிவோ திருத்தமோ நடந்த 15 நாட்களுக்குள் அட்டையை வாக்காளரிடம் சேர்ப்பதற்கான ஏற்பாட்டைத் தேர்தல் ஆணையம் 2025 ஜூனில் அறிவித்தது. தேர்தலுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது இது நல்ல வழி. ஒரு வாரம் இருக்கும்போது இதையே நம்பி உட்கார்ந்திருப்பது வீண். அஞ்சல்காரர் வரவில்லையே என்று தவித்து, கடைசியில் அட்டை வராததால் வாக்குச்சாவடிப் பக்கமே போகாதவர்களை நான் அறிவேன். அவர்கள் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஆதார் அட்டை இருந்தது என்பதுதான் வேடிக்கை.

இரண்டாவது, 2021 ஜனவரி 25 அன்று தேசிய வாக்காளர் நாளில் அறிமுகமான மின்னணு வாக்காளர் அட்டை. கைபேசி எண்ணைப் பதிவு செய்திருப்பவர் இதை இணையத்திலிருந்து இறக்கி, தாளில் அச்சிட்டுக்கொள்ளலாம். காசு செலவில்லை, காத்திருக்க வேண்டியதில்லை. தொலைந்துபோன அட்டைக்கு உடனடி மாற்று என்ற அளவில் இதைவிட எளிதானது வேறொன்றில்லை. ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. கைபேசியில் இருக்கிறதே, திரையைக் காட்டினால் போதும் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். வாக்குச்சாவடிக்குள் கைபேசியைப் பயன்படுத்த அனுமதியில்லை. 2025 மே மாதத்தில் ஆணையம் அறிவித்தபடி, நுழைவாயிலுக்கு அருகில் அணைத்த நிலையில் ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே செல்ல வேண்டும். கைபேசிக்குள் இருக்கும் மின்னணு அட்டையும், டிஜிலாக்கரில் உள்ள ஆதாரும், படமெடுத்து வைத்திருக்கும் ஓட்டுநர் உரிமமும் வாசலிலேயே தங்கிவிடும். அச்சிட்ட தாளை நம்புங்கள், திரையை நம்பாதீர்கள். அச்சிட்டதோடு கூடுதலாக ஓர் அசல் ஆவணத்தையும் எடுத்துச் செல்வது என் வழக்கம். அதற்குக் காரணம், தாளில் விழும் படம் சில அச்சு இயந்திரங்களில் முகமா நிழலா என்று தெரியாதபடி கறுத்துவிடுகிறது.

மூன்றாவது வழியே பெரும்பாலானவர்களுக்குப் பொருந்துவது: ஆணையம் அனுமதித்துள்ள மாற்று ஆவணங்களில் ஒன்றைக் காட்டுவது. 2024 மக்களவைத் தேர்தலுக்கான ஆணையில் இவை பன்னிரண்டு. ஆதார், நூறு நாள் வேலை அட்டை, வங்கியோ அஞ்சலகமோ வழங்கிய புகைப்படத்துடன் கூடிய பாஸ்புக், தொழிலாளர் அமைச்சகத் திட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட மருத்துவக் காப்பீட்டு ஸ்மார்ட் அட்டை, ஓட்டுநர் உரிமம், பான் அட்டை, தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டின்கீழ் வழங்கப்பட்ட ஸ்மார்ட் அட்டை, இந்தியப் பாஸ்போர்ட், புகைப்படம் உள்ள ஓய்வூதிய ஆவணம், மத்திய மாநில அரசுகளும் பொதுத்துறை நிறுவனங்களும் பப்ளிக் லிமிடெட் நிறுவனங்களும் தம் ஊழியர்களுக்குத் தரும் பணி அடையாள அட்டை, நாடாளுமன்ற சட்டமன்ற உறுப்பினர்களுக்கான அட்டை, மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை ஆகியவை அவை. ரேஷன் அட்டை இதில் இல்லை. கல்லூரி அடையாள அட்டையும் இல்லை. பிரைவேட் லிமிடெட் நிறுவனம் கழுத்தில் மாட்டிவிடும் அட்டையும் இல்லை.

பன்னிரண்டும் சட்டத்தின் கண்ணில் சமம். ஆதாரைக் காட்டியவரை விடவும் பாஸ்போர்ட்டைக் காட்டியவருக்குக் கூடுதல் மதிப்பு ஒன்றும் கிடையாது. ஆனால் மேசைக்கு எதிரே நிற்கும்போது அவற்றுக்கிடையே வேறுபாடு தெரியும். முதலாம் அலுவலரிடம் இருப்பது தமிழில் அச்சான பட்டியல். அதில் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம், சிறிய புகைப்படம் ஆகியவை இருக்கும். அவர் உங்கள் பெயரையும் வரிசை எண்ணையும் உரக்க வாசிப்பார். சுவரோரம் அமர்ந்திருக்கும் பூத் ஏஜெண்டுகள் தங்கள் பிரதியில் சரிபார்ப்பார்கள். ஆவணத்தில் உள்ள பெயரும் முகமும் பட்டியலில் உள்ளவற்றோடு எவ்வளவு நெருங்குகின்றனவோ அவ்வளவு விரைவில் வேலை முடியும். ஆகவே ஆவணத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, எது கௌரவமான ஆவணம் என்பது அல்ல. எது பட்டியலோடு ஒத்துப்போகிறது என்பதே.

இந்த அளவுகோலில் ஆதாருக்குத்தான் முதலிடம் தருவேன். தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர் இருப்பது அதன் பெரிய வசதி. நம் ஊரில் தலைப்பெழுத்து என்ற ஒன்று இருக்கிறதே, அது ஆங்கில ஆவணங்களில் படுத்தும் பாடு கொஞ்சமல்ல. பட்டியலில் "முருகன்", தந்தை பெயர் "செல்லையா" என்றிருப்பவர், பாஸ்போர்ட்டில் செல்லையா முருகன் ஆகவும், பான் அட்டையில் முருகன் செல்லையா ஆகவும், ஓட்டுநர் உரிமத்தில் முருகன் சி ஆகவும் இருப்பார். நான்கும் ஒரே ஆள்தான் என்பது பட்டியலைப் பார்த்த மறுகணமே அலுவலருக்குப் புரிந்துவிடும். என்றாலும் பின்னால் இருநூறு பேர் நிற்கும் வரிசையில், புரிய வைக்க வேண்டிய தேவையே இல்லாத ஆவணம் மேலானது.

ஆதாரின் பலவீனம் அதிலுள்ள படம். பத்தாண்டுகளுக்கு முன் முகாமில் எடுத்த படத்தை மாற்றாதவர்கள் நம்மில் நிறையப் பேர். முதல்முறை வாக்களிக்கும் பதினெட்டு வயதினர் இதில் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்: பதினைந்து வயதில் கட்டாயமாகச் செய்ய வேண்டிய புதுப்பித்தலைச் செய்யாதிருந்தால், அட்டையில் இருப்பது பால் வடியும் ஒரு சிறுவனின் முகமாக இருக்கும். அத்தகையவர்களுக்குப் புதிதாக எடுத்த ஓட்டுநர் உரிமம் இருந்தால் அதுவே சிறந்தது. பான் அட்டை உண்டே என்றால், வயது நிரம்புமுன் பெற்றோர் எடுத்துக் கொடுத்த பான் அட்டையில் படமே இருக்காது என்பதை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொள்வது நல்லது.

திருமணமான பெண்களின் சிக்கல் வேறு வகையானது. பட்டியலில் கணவர் பெயரும், பழைய ஆதாரில் தந்தையின் தலைப்பெழுத்தும் இருக்கும். சிலருக்கு ஊரே மாறியிருக்கும். இதற்காக அஞ்சத் தேவையில்லை. அடையாளம் நிறுவப்பட்டுவிட்டால் எழுத்துப் பிழை போன்ற சிறு வேறுபாடுகளைப் பெரிதுபடுத்தக் கூடாது என்று வாக்காளர் அட்டையைப் பொறுத்தவரை ஆணையமே அறிவுறுத்தியிருக்கிறது. வேறு தொகுதியில் வழங்கப்பட்ட பழைய வாக்காளர் அட்டையைக்கூட, அந்த வாக்குச்சாவடிப் பட்டியலில் பெயர் இருந்தால், ஏற்க வேண்டும் என்பதும் அதே அறிவுறுத்தலில் உள்ளது. வீடு மாறிவிட்டோம், அட்டையில் பழைய முகவரி இருக்கிறது, ஆகவே அது செல்லாது என்று நினைத்து அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது தேவையற்ற தவறு. முகவரியைச் சோதிக்கும் இடம் வாக்குச்சாவடி அல்ல. அந்தச் சோதனை பட்டியலில் பெயர் சேர்த்தபோதே முடிந்துவிட்டது. பான் அட்டையில் முகவரி இல்லாதது ஒரு குறையாகாததற்கும் இதுவே காரணம்.

முதியவர்களுக்குப் பாஸ்புக்கும் ஓய்வூதிய ஆவணமும் இயல்பான தேர்வுகள், ஏனென்றால் அவை இருக்கும் இடம் அவர்களுக்குத் தெரியும். பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் படம் இருக்கிறதா, அதன்மேல் வங்கியின் முத்திரை விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இப்போது அச்சாகும் பல பாஸ்புக்குகளில் படம் ஒட்டுவதே இல்லை, படமில்லாத பாஸ்புக் மாற்று ஆவணங்களில் சேராது. நூறு நாள் வேலை அட்டையின் தொல்லை அது குடும்பத்துக்கு ஒன்று என்பதில் இருக்கிறது. காலையில் கணவர் எடுத்துச் சென்றுவிட்டு நேரே வயலுக்குப் போய்விட்டால், மனைவி மாலைவரை காத்திருக்க வேண்டியதுதான். கடலோரக் கிராமங்களில் மக்கள்தொகைப் பதிவேட்டின்கீழ் தரப்பட்ட ஸ்மார்ட் அட்டையை இன்னும் பத்திரமாக வைத்திருக்கும் மீனவக் குடும்பங்கள் அதைத் தயங்காமல் எடுத்துச் செல்லலாம். நகரத்து அலுவலர் ஒருவருக்கு அது பழக்கமில்லாததாக இருந்தாலும் கையேட்டில் அது இருக்கிறது.

பாஸ்போர்ட்டை உள்ளூர்வாசிகளுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. கூட்டத்தில் தொலைந்தால் ஏற்படும் அலைச்சலுக்கு ஈடாக அது தரும் கூடுதல் பயன் ஒன்றுமில்லை. வெளிநாட்டில் வசித்துக்கொண்டு படிவம் 6ஏ வழியாகப் பதிவு செய்துகொண்ட இந்தியர்களுக்கோ அசல் பாஸ்போர்ட்டைத் தவிர வேறு எதுவும் செல்லாது. அவர்களுக்கு இங்கே தேர்வு என்ற பேச்சே இல்லை.

நான்காவதாகச் சிலர் வழி என்று எண்ணுவது வெறும் பூத் சிலிப்போடு போவது. 2019க்கு முன்பு இது ஓரளவு உண்மையாக இருந்தது: ஆணையம் வழங்கிய புகைப்படச் சீட்டையே அடையாளமாகக் காட்டலாம் என்றிருந்தது. அந்தச் சீட்டில் பாதுகாப்பு அம்சங்கள் இல்லை, தவறாகப் பயன்படுத்த வாய்ப்பு இருக்கிறது என்ற காரணங்களால் 2019 பிப்ரவரியில் அது தனித்து நிற்கும் அடையாள ஆவணம் அல்ல என்று ஆக்கப்பட்டது. பின்னர் படத்தையே எடுத்துவிட்டு, க்யூஆர் குறியீட்டுடன் கூடிய வாக்காளர் தகவல் சீட்டாக அது மாறியது. கட்சிக்காரர்கள் வீடு வீடாகத் தரும் சீட்டுக்கு எப்போதுமே அந்தத் தகுதி இருந்ததில்லை. இரண்டும் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் தேடும் நேரத்தை மிச்சப்படுத்தும். அதற்கு மேல் ஒன்றுமில்லை. சீட்டு கிடைக்காதவர் அதற்காகக் கவலைப்படவும் தேவையில்லை. எண்களை ஒரு துண்டுத்தாளில் எழுதிச் சென்றாலும் போதும்.

மாற்று ஆவணத்தோடு போகிறவர் உள்ளே என்ன நடக்கும் என்பதைத் தெரிந்துகொண்டால் பதற்றம் குறையும். இரண்டாம் அலுவலர் வாக்காளர் பதிவேடான 17ஏ பதிவேட்டில் உங்கள் வரிசை எண்ணை எழுதி, நீங்கள் காட்டிய ஆவண எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைக் குறித்துக்கொண்டு, கையொப்பமோ கைரேகையோ வாங்கி, இடது ஆள்காட்டி விரலில் மை வைப்பார். ஒரு கட்சி ஏஜெண்ட் இவர் அந்த ஆள் இல்லை என்று ஆட்சேபம் தெரிவித்தால், அதற்கு அவர் 2 ரூபாய் வைப்புத்தொகை கட்ட வேண்டும். வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் அந்த இடத்திலேயே விசாரித்து, ஆட்சேபம் நிலைக்கவில்லையென்றால் உங்களை வாக்களிக்க அனுமதிப்பார். 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தும் விதிகளில் எழுதிய அந்த 2 ரூபாய் இன்னும் 2 ரூபாயாகவே இருக்கிறது. இன்னொரு நிலை, வீட்டில் இல்லாதவர், இடம் மாறியவர், இறந்தவர் என்று அலுவலர்கள் தயாரித்து வைத்திருக்கும் தனிப் பட்டியலில் உங்கள் பெயர் இருப்பது. வேலைக்காக வெளியூரில் இருந்துவிட்டு வாக்குப்பதிவன்று ஊருக்கு வருகிறவர்களுக்கு இது நேர்கிறது. அப்போது தலைமை அலுவலரே ஆவணத்தைப் பார்ப்பார், கையொப்பத்தோடு கைரேகையும் கேட்பார். இத்தகையவர்கள் படம் தெளிவான இரண்டு ஆவணங்களைக் கொண்டுவருவது மேல். ஒன்றைப் பற்றிக் கேள்வி எழுந்தால் மற்றொன்று பேசும்.

உள்ளாட்சித் தேர்தல்களை நடத்துவது வேறொரு அமைப்பான தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம் என்பதால், அவற்றுக்கு அந்த ஆணையம் அந்தந்தத் தேர்தலின்போது வெளியிடும் ஆவணப் பட்டியலையே பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும் சரியாகக் கொண்டு சென்றும், உங்கள் பெயரில் வேறொருவர் ஏற்கெனவே வாக்களித்துவிட்டார் என்று தெரியவந்தால் என்ன செய்வது? இளைஞர்கள் வாயில் 49பி (49P) என்று அந்த விதியின் எண்ணாலேயே அடிபடும் டெண்டர் வாக்கு அதற்காகத்தான் இருக்கிறது. தலைமை அலுவலர் அடையாளம் குறித்துக் கேட்கும் கேள்விகளுக்குத் திருப்தியாகப் பதில் சொன்னால், 17பி படிவத்தில் கையொப்பம் பெற்று, இயந்திரத்தில் அல்லாமல் தாள் வாக்குச்சீட்டில் வாக்களிக்கச் செய்வார். அச்சீட்டு தனி உறைக்குள் போகும். இதை இழந்த வாக்குக்கு முழு ஈடு என்று நினைத்துக்கொள்ளக் கூடாது, ஏனென்றால் எண்ணிக்கை நாளன்று அந்த உறையைப் பிரிப்பதில்லை. தேர்தல் வழக்கு தொடுக்கப்பட்டு, வெற்றி வித்தியாசம் மிகக் குறைவாக இருந்தால்தான் நீதிமன்றத்தின் பார்வைக்கு அது வரும். 2008இல் ராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதி ஒரே ஒரு வாக்கில் முடிவானபோது, டெண்டர் வாக்குகள் பற்றிய பிரச்சினை உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அட்டை இல்லாதவர் மாலை ஐந்து மணிக்குப் போகலாம் என்று தள்ளிப்போடாமல் காலையிலேயே போய்விட வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்: காலையில் போனால் உங்களுக்கு முன் இன்னொருவர் போவதற்கான நேரம் குறைகிறது, எடுத்துச் சென்ற ஆவணம் செல்லாது என்றால் வீட்டுக்குப் போய் வேறொன்றை எடுத்துவரும் நேரமும் மிஞ்சுகிறது.